குழாயடி மெடோஸ்வீட்

குன்னூரில் அந்தக் காம்பவுண்டுக்குள் நாலு வீடு, ஒரே குழாய். குழாயடியில் துவைக்கிற கல் போடத் தோதாக ஒரே ஒரு இடம். அந்த இடத்தைத்தான் முதல் வீட்டுத் தேவசகாயம் மூன்று வருஷமாக மூங்கில் குச்சி நட்டு வளைத்து வைத்திருந்தார். உள்ளே மெடோஸ்வீட் செடி இருக்கிறது என்பார். எட்டிப் பார்த்தால் சேறு இருக்கும்.

அந்தச் சேற்றைப் பார்க்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு ரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். தேயிலை ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, தரையில் குந்தித் துணி கசக்குகிறவள் அவள். புருஷன் வாங்கிப் போட்ட கல் இடமில்லாமல் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை, காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான போஜன் கவுடரையே கூப்பிட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் வந்து குழாயடியில் நின்றார். கல்லா, செடியா, இன்றைக்கே ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போவதாகப் பேச்சு.

"செடி எங்கே, தேவசகாயம்?"

"தூங்குதுங்க, கவுடரே. இது வெள்ளைக்காரன் ஊர்ச் செடி. குளிர் வந்தா மேல மடிஞ்சிடும், அடியில வேர் உசிரோட இருக்கும். சூடு வந்ததும் தழைச்சு, நுரை நுரையா வெள்ளைப் பூ விடும். ஈரம் வேணும்னுதான் குழாயடியில வச்சேன்."

அது வரைக்கும் நிஜம்தான். ஆனால் தேவசகாயத்தால் நிஜத்தில் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

"மூணு கோடை போயிடுச்சே, இன்னும் என்னண்ணா தூக்கம்?" என்றாள் ரஞ்சிதம்.

"எவ்வளவு தூங்குதோ அவ்வளவு வளரும்மா. நான் எஸ்டேட் பங்களாவுல தோட்டக்காரனா இருந்தப்ப ஒரே ஒரு வேர் நட்டேன். ஒரே மாசம்! மாடி ஜன்னல் வழியா பூ உள்ள போயிடுச்சு. பூப் பறிக்க ஏணி எட்டல. ஃபயர் சர்வீஸ் வண்டிக்கு ஆள் அனுப்பினோம்னா பாத்துக்கோ."

"வாசனை உண்டாண்ணா?" என்று எடுத்துக் கொடுத்தான் எதிர் வீட்டில் இருக்கும் ஆட்டோக்காரன் அன்வர். அவனுக்கு லீவு நாள், பொழுது போக வேண்டும்.

"தேன் வாசனைடா! அந்த வருஷம் காத்து கீழ்முகமா அடிச்சுது. மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல மலை ரயிலுக்கு நின்ன கூட்டம், மூக்கைத் தூக்கிக்கிட்டு அப்படியே நடக்க ஆரம்பிச்சிடுச்சு. ரயில் காலியா வந்து சேருது. கூட்டம் அதுக்கு முன்னாடியே எங்க கேட்ல நிக்குது."

"திரும்பும்போதாவது ரயில்ல போனாங்களா?" என்றான் அன்வர்.

"எங்க திரும்பினாங்க? பாதிப் பேர் இங்கயே குடியேறிட்டாங்க. குன்னூர்ல வாடகை ஏறினதே அப்பத்தான்."

வாடகை என்றதும் போஜன் அந்தச் சேற்றைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். ரஞ்சிதம் சுவரோரம் கிடந்த கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

தேவசகாயத்துக்கோ சுருதி ஏறிவிட்டது. "மருந்துக் குணமும் உண்டுங்க. தலைவலி நிமிஷத்துல போயிடும். ஒருநாள் காட்டெருமை ஒண்ணு வேலியை ஒடிச்சுட்டு வந்து ஒரு கொத்து தின்னுச்சு. மறுநாள் பதினேழு எருமையைக் கூட்டிக்கிட்டு வந்து வரிசையில நிக்குது!"

"எருமைக்கு ஏதுண்ணா தலைவலி?" என்றாள் ரஞ்சிதம்.

"அத்தாம் பெரிய கொம்பை நீ ஒருநாள் தலையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சு பாரு, தெரியும்."

போஜன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ரஞ்சிதத்துக்குப் பிடிக்கவில்லை. சிரிக்கிற மனுஷன் 'இருந்துட்டுப் போகட்டுமே' என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். கல் சுவரோரத்திலேயே பாசி பிடிக்கும். பொய் சொல்கிறவனுக்குத்தான் இந்த ஊரில் இடம் கிடைக்கும் போலிருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. காட்டிக்கொள்ளாமல் கேட்டாள்.

"நாங்க எல்லாரும் மிதிச்ச இடமாச்சேண்ணா. வேர் செத்துப் போயிருந்தா?"

"சாவா? இதுக்கா? ஒரு மழைக்கு மண்சரிவுல பங்களாத் தோட்டமே ரோட்டுக்கு வந்துடுச்சு. ஜேசிபி வச்சு வாரினாங்க. ஜல்லி கொட்டி, தார் ஊத்தி, ரோடு ரோலரை ஏத்தினாங்க. ரோலரை அப்படியே நிறுத்திட்டு டிரைவர் டீ குடிக்கப் போனார். வந்து பாத்தா, ரோலர் இடுப்பு உயரத்துல நிக்குது. தாரைப் பொத்துக்கிட்டு என் மெடோஸ்வீட் அதைத் தூக்கிப் பிடிச்சிருக்கு!"

"ரோலரையா?"

"ஆடாம, அசையாம!"

ரஞ்சிதம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கவுடரே, எனக்குச் செடி மேல ஒரு கோவமும் இல்லீங்க. அது அங்கேயே இருக்கட்டும். கல்லை அது தலைமேலயே போட்டுடுங்க. ரோலரைத் தூக்கின செடிக்கு இந்தக் கல்லு எந்த மூலைக்கு? இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக் குடுத்துச்சுன்னா, நாலு வீட்டுப் பொம்பளைங்களும் குனியாம நின்னுக்கிட்டே துவைப்போம்."

அன்வர் விசிலடித்தான். தேவசகாயம் ஒரு மூங்கில் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

போஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரோரம் போய்க் கல்லின் ஒரு முனையில் கை வைத்தார்.

"அந்தப் பக்கம் நீங்க பிடிங்க, தேவசகாயம். செடி சரியா எந்த இடத்துல தூங்குதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்."