ஆற்றுச் சுவரில் ஒரு காவிக்கோடு

பூரணி அம்மையின் மடம் ஆற்றங்கரைச் சரிவில் இருந்தது. மடத்தைவிட அதன் வெளிச்சுவருக்குத்தான் பேர் அதிகம். ஆற்றில் வெள்ளம் வருமா, வராதா என்று கணித்து அம்மை அந்தச் சுவரில் சுண்ணாம்பால் எழுதுவார். வழியில் போகிற யாரும் நின்று பார்க்கலாம். சொன்னது பலித்தால் எழுத்து அப்படியே இருக்கும். பலிக்காவிட்டால் அதன் கீழே தடிமனாக ஒரு காவிக்கோடு விழும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வெள்ளையும் காவியும் தெரியும் அல்லவா?

அம்மையின் சீடர் நாகநாதர் அவரைவிட வயதில் மூத்தவர். அரண்மனையில் சோதிடராக இருந்துவிட்டு வந்தவர். அங்கேயும் ஒரு சுவர் உண்டு. பலிக்காததை மறுநாள் காலையிலேயே வெள்ளையடித்து மறைத்துவிடுவார்கள். பொய்த்த வாக்கு ஒன்றுகூட இல்லாமல் அந்தச் சுவர் பளிச்சென்று இருக்கும்.

சென்ற ஐப்பசியில் நாகநாதர் முதன்முதலாகத் தாமே கணித்து, வெள்ளம் வரும் என்று எழுதினார். கரையோரக் குயவர் தெரு மொத்தமும் சட்டிபானைகளைச் சுமந்துகொண்டு மேட்டுக்கு ஏறியது. ஏறியதில் பாதி உடைந்தது. வானமோ துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நாகநாதர் தம் கையாலேயே காவிக்கோடு போட வேண்டியதாயிற்று. மனுஷர் அன்று சோறே தின்னவில்லை.

இந்த ஐப்பசியிலும் மேற்கு மலையில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைக்குக் குயவர் தெரு மூழ்கும் என்றே வந்தது.

சுண்ணாம்புச் சட்டியும் எழுதும் மட்டையுமாகச் சுவருக்குப் போனார். எழுதப் போனவரின் கை முதலில் பழைய காவிக்கோட்டை நோக்கிப் போயிற்று.

"என்ன செய்யப் போகிறீர்?" என்று கேட்டபடி அம்மை பின்னால் வந்து நின்றார்.

"இதை அழிக்கப் போகிறேன் தாயே. இதைப் பார்த்தால் யாரும் கிளம்ப மாட்டார்கள். உயிர் போய்விடும்."

"அழித்தால் கிளம்புவார்களா?"

"அரண்மனைச் சுவரில் ஒரு கறைகூடக் கிடையாதே!"

"முதலில் இன்றைய செய்தியை எழுதும். வருகிறவர்களிடம் இந்தக் கோட்டையும் நீரே காட்டும். அதற்குப் பிறகும் அழிக்கத் தோன்றினால் நானே சுண்ணாம்பு கரைத்துத் தருகிறேன்."

நாகநாதர் எழுதினார்.

மடத்து மணியைக் கேட்டுக் குயவர் தெரு சுவருக்கு முன் கூடியது. எல்லாருக்கும் முன்னால் மூக்காயி நின்றாள். சரியான வாயாடி. போன வருடம் அதிகம் உடைந்தது அவள் வீட்டுப் பானைகள்தான்.

"என்ன சாமி, இந்த வருசமும் எங்களை மேட்டுக்கு ஏத்திவிட்டு வேடிக்கை பாக்கப் போறீங்களா?"

கூட்டம் சிரித்தது. நாகநாதர் காவிக்கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இது என் தவறு அம்மா. மழை பாதியில் திசை திரும்பியதை நான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் மழை பழையபடி பெய்வதும் இல்லை. நாளை வெள்ளம் வரும் என்று எழுதியிருக்கிறேன். இதுவும் தப்பலாம். ஆனால் வரும் என்றுதான் நினைக்கிறேன்."

மூக்காயி சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வெள்ளை நிறைய இருந்தது. காவி கொஞ்சம் இருந்தது. பிறகு தன் தெருக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

"சட்டிபானையைத் தூக்குங்க."

"அரண்மனைச் சுவத்துல ஒண்ணும் எழுதலையே?" என்றான் ஒருவன்.

"அங்க கல்யாணத்துக்கு நாள் பாக்கப் போவோம். அந்தச் சுவத்துல ஒரு தப்புகூட இல்ல. அதை நம்பி எம் புள்ளைங்களை இன்னிக்கு இங்க தூங்க வைக்க முடியுமா? நட, நட."

மறுநாள் வெள்ளம் வந்தது. குயவர் தெருவில் கூரைகளின் முகடுகள் மட்டும்தான் தெரிந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை, கோழிகள் உட்பட. மேட்டில் நின்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சுவரு சொல்லிச்சு" என்று மூக்காயி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் நாகநாதர் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தார். இதுவரை எட்டாத உயரத்துக்கு வெள்ளம் எட்டியிருந்தது. சுவரின் கீழ்ப்பகுதியில் பூச்சு கரைந்து, போன வருடத் தவறும் இந்த வருட வாக்கும் சேர்ந்தே அழிந்திருந்தன. அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். பலித்த வாக்கை மட்டும் பெரிய எழுத்தில் மறுபடி எழுதினார். தள்ளி நின்று அழகு பார்த்தார்.

இடுப்பில் பானையோடு மேட்டிலிருந்து இறங்கிய மூக்காயியும் நின்று பார்த்தாள்.

"சாமி, இங்க ஒரு காவிக்கோடு இருந்துச்சே, எங்க?"

"தண்ணீர் அழித்துவிட்டது அம்மா."

"இதையுந்தான் தண்ணி அழிச்சிச்சு. இதை மட்டும் எழுதிட்டீங்க?"

நாகநாதர் மட்டையைக் கீழே வைத்தார்.

"அதையும் போட்டுருங்க சாமி. நாளைக்கு எம் பொண்ணு வந்து பாக்கணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அம்மை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டீர்களா தாயே! நம் சுவரில் என்ன எழுத வேண்டும் என்று அவள் சொல்கிறாள்."

அம்மை காவிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார்.

"நம் சுவர் என்று உமக்கு யார் சொன்னது?"