குடைப்பாறை வளைவுல இறங்காத செயின்

ஒரு மலை. மலைக்குக் கீழ ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு பொண்ணு, அவளுக்குச் சோறு தண்ணி கூட ரெண்டாம்பட்சம், சைக்கிள்தான் முதல்ல. பேரு அமலோற்பவம். எல்லாரும் அமலின்னு கூப்பிடுவாங்க.

போர்வைய இழுத்துக்க. காலை உள்ள வை. நான் சொல்லச் சொல்ல நீ ம் போடணும், சரியா? ம் நின்னா கதையும் நின்னுடும்.

“ம்.”

அமலியோட சைக்கிள் நம்ம வீட்டு சைக்கிள் மாதிரி இல்ல. ரேஸ் சைக்கிள். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார், விரல் அகலத்துக்கு டயர். ஒரு கையால தூக்கிடலாம். பெடல் கிட்ட பல்லுச் சக்கரம் ரெண்டு இருக்கும், பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. சமதரையில பெருசு. மேடு ஏறணும்னா செயின் சின்னதுக்கு இறங்கணும், அப்பதான் காலு லேசா சுத்தும். செயினை யாரு இறக்குவா? அந்தப் பல்லுச் சக்கரத்துக்கு மேல ரெண்டு தகடு சேர்ந்து ஒரு சின்னக் கூண்டு இருக்கும். செயின் அந்தக் கூண்டு நடுவால ஓடும். ஹேண்டில்ல இருக்கற லீவரைத் தட்டினா ஒரு கேபிள் தளரும், கூண்டு உள்பக்கமா நகரும், செயினை மெதுவாத் தள்ளிச் சின்னதுல விடும். க்ளிக். அவ்வளவுதான்.

“கூண்டு தள்ளலேன்னா?”

தள்ளலேன்னா செயின் தகட்டுல ஒரசும். சர்ர்ர்... சர்ர்ர்... சர்ர்ர்...னு. அந்தச் சத்தத்தைப் பத்தின கதைதான் இது.

ஒரு வருஷம் அந்த மலையில மலையேத்தப் பந்தயம் வெச்சிருந்தாங்க. அடிவாரத்துலேர்ந்து உச்சி வரைக்கும் மிதிக்கணும். ஜெயிச்சா மாநில டீம்ல எடுத்துக்குவாங்க. அமலிக்கு ஒரு சிநேகிதி, கித்தேரி. ரெண்டு பேரும் சேர்ந்தே ஓட்டிப் பழகினவங்க. ஒரு நாள் அமலிக்குக் காய்ச்சல், அதனால கித்தேரி மட்டும் விடியக்காலையில மலை ஏறப் போனா. போனவ பால் வண்டியில படுத்துக்கிட்டு வந்தா. தோள்பட்டை எலும்பு உடைஞ்சிருந்துச்சு. உதடு வெளுத்துப் போச்சு.

“என்னடி ஆச்சு?”ன்னு அமலி கேட்டா.

“குடைப்பாறை வளைவுல என் பின்னாடி யாரோ வந்தாங்கடி. செயின் ஒரசற சத்தம். திரும்பிப் பாத்தேன், பனிதான் இருந்துச்சு, ஆளு இல்ல. பயந்து வேகமா மிதிச்சேன். அதுவும் வேகமா மிதிச்சுது. அப்புறம் எனக்குச் செயின் கழண்டு விழுந்துட்டேன். நீ அங்க போகாத அமலி.”

அமலியோட அம்மா செசிலி அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. “எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே ஒரு பையன் ரேஸ் சைக்கிள்ல அந்த மலை ஏறினான். உச்சிக்கும் போய்ச் சேரல, கீழயும் திரும்பி வரல. ஊரே தேடுச்சு. சைக்கிள் கூடக் கெடைக்கல. நீ ஒண்ணும் அந்தப் பந்தயத்துக்குப் போக வேணாம்”னாங்க.

அமலி கேக்கலியே! “அம்மா, பனியில நம்ம சத்தமே பாறையில பட்டுத் திரும்பி வரும். அதுக்குப் போய் பயந்திருக்கா”ன்னுட்டா. காய்ச்சல் விட்டதும் கெளம்பிட்டா.

“ம்.”

வெளிச்சம் வந்தும் வராத நேரம். கீழ ரோட்டுல பனியே இல்ல. ஏற ஏற வெள்ளையா வந்து மூடுது. மரம் தெரியல, பள்ளம் தெரியல, ரோட்டோரத்து வெள்ளைக் கோடு மட்டும் கொஞ்ச தூரம் தெரியுது. அமலி சின்னச் சக்கரத்துல போட்டு மெதுவா மிதிக்கறா. குடைப்பாறைன்னா, பெரிய பாறை ஒண்ணு ரோட்டு மேல குடை புடிச்ச மாதிரி நீட்டிக்கிட்டிருக்கும். அது கண்ணுல படறப்போ கேட்டுச்சு.

சர்ர்ர்... சர்ர்ர்... சர்ர்ர்...

குனிஞ்சு தன் கூண்டைப் பாத்தா. செயின் ஒழுங்கா நடுவாலதான் ஓடுது. ஆனா சத்தம் கேக்குதே? நம்மளுதுதான் எங்கயோ ஒரசுதுன்னு நெனைச்சு அன்னிக்குத் திரும்பி வந்துட்டா. வீட்டுல சைக்கிளைத் தொங்க விட்டு பெடலைக் கையால சுத்தினா. பெருசுல போட்டா, சின்னதுல போட்டா. ஒரு சத்தமும் இல்ல. வெண்ணெய் மாதிரி ஓடுது.

அவங்க அம்மா கேட்டாங்க, “என்னடி, ரிப்பேரா?”

“இல்லம்மா. சரியாத்தான் இருக்கு.” சொல்றப்பவே அவளுக்குப் புரிஞ்சுது, அந்தச் சத்தம் தன் சைக்கிளோடது இல்லன்னு.

அடுத்த நாளும் போனா. பந்தயம் நெருங்கிடுச்சே, என்ன பண்ணுவா? குடைப்பாறை வந்துச்சு. சர்ர்ர்... சர்ர்ர்... அமலி மிதிக்கறதை நிறுத்திட்டா. நிறுத்தினா அவ செயின் நின்னுடுமில்ல?

“ம்.”

அந்தச் சத்தம் நிக்கல.

சர்ர்ர்... சர்ர்ர்... பின்னாடியேதான் வருது. மூச்சு வாங்கற சத்தமும் கூட வருது. ஹஹ்... ஹஹ்... ஹஹ்... மேடு ஏற முடியாம ஒருத்தன் தெணர்ற மூச்சு. அமலி எழுந்து நின்னு ஓங்கி மிதிச்சா. இன்னும் வேகம் புடிக்க, மிதிச்சுக்கிட்டே பெருசுக்கு மாத்தற லீவரைத் தட்டினா. அப்படித் தட்டவே கூடாது கண்ணு, காலை லேசாக்கிட்டுதான் மாத்தணும். அவளுக்கும் தெரியும். ஆனா பயத்துல யாருக்கு ஞாபகம் வரும்? சளக்! செயின் கழண்டு தொங்கிடுச்சு. காலு வெறுங்காத்துல சுத்துச்சு. எப்படியோ காலை ஊனிச் சாயாம நின்னுட்டா. அவ ஷூ நுனிக்கு அந்தாண்ட ரோடு இல்ல. பள்ளம்.

குனிஞ்சு செயினை மாட்டப் பாக்கறா. மாட்டினா நழுவுது, மாட்டினா நழுவுது. சத்தம் கிட்ட வந்துச்சு. இன்னும் கிட்ட வந்துச்சு. அவ பக்கத்துல வந்து நின்னுச்சு.

அமலி நிமிரல. தரையை மட்டும் பாத்தா. ஒரு சக்கரம் தெரிஞ்சுது, ரேஸ் சைக்கிள் சக்கரம். கம்பிக்குக் கம்பி ஈர இலை சுத்திக்கிட்டிருக்கு. ஃப்ரேம்ல பாசி. பாட்டில் மாட்டற எடத்துல ஒரு பெரணிச் செடி மொளைச்சிருக்கு. அதுக்கு மேல பனி. ஒண்ணும் தெரியல.

பனிக்குள்ளேர்ந்து ஒரு கொரல். சின்ன வயசுக் கொரல்தான், ரொம்பக் களைச்சுப் போன கொரல்.

“இறங்க மாட்டேங்குது.”

அமலி கையில இருந்த செயினை விட்டுட்டா.

“சின்னதுக்கு இறங்கவே மாட்டேங்குது”ன்னுச்சு மறுபடியும்.

நீயா இருந்தா என்ன பண்ணுவ?

“ஓடிடுவேன்.”

அவளும் ஓடத்தான் நெனைச்சா. ஆனா அந்தக் கொரல்ல மிரட்டலே இல்ல. அழுகை முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. பெரிய சக்கரத்துல செயின் மாட்டிக்கிட்டா மேடு ஏறறது எவ்வளவு கொடுமைன்னு அமலிக்குத் தெரியும், தொடை ரெண்டும் எரியும். அதனால, “எங்க போகணும் உங்களுக்கு?”ன்னு மெல்லக் கேட்டா.

“மேல.”

அப்புறம் அவ மண்டி போட்டு உக்காந்தா. பையிலேர்ந்து போல்ட் திருப்பற ஆலன் கீயும் ஸ்க்ரூ டிரைவரும் எண்ணெய்ப் புட்டியும் எடுத்தா. மொதல்ல கேபிளைத் தொட்டா. யப்பா, என்ன ஜில்லு! ஐஸ்ல கை வெச்ச மாதிரி. கேபிள் துருப்புடிச்சு அதோட குழாய்க்குள்ள இறுகிக் கெடக்கு. லீவரைத் தட்டினாலும் தளரல. எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் இழுத்து, கேபிள் முனையில இருக்கற திருகுமரையைக் கொஞ்சம் உள்ள திருப்பிக் கேபிளைத் தளர்த்தினா.

“போய்ப் பாருங்க”ன்னா.

சைக்கிள் பனிக்குள்ள போச்சு. சர்ர்... சர்ர்... பாறைகிட்ட டக்குனு ஒரு சத்தம். அப்புறம் மறுபடியும் சர்ர்ர். பாதி இறங்கி நின்னுடுச்சு. சக்கரம் திரும்பி வந்துச்சு.

“இறங்க மாட்டேங்குது.”

அப்போ அமலி கூண்டு மேல இருக்கற குட்டி ஸ்க்ரூ ரெண்டையும் தடவிப் பாத்தா. ஒண்ணு, கூண்டு எவ்வளவு வெளிய போகலாம்னு நிறுத்தும். இன்னொண்ணு, எவ்வளவு உள்ள போகலாம்னு நிறுத்தும். உள்பக்கத்து ஸ்க்ரூ இறுகிக் கெடந்துச்சு, கூண்டை உள்ள விடவே இல்ல. அதைத் தளர்த்தி விட்டா. ஒரு சொட்டுத் தண்ணி அவ கழுத்துல விழுந்துச்சு. மேலேர்ந்து. அவ நிமிரல.

“போய்ப் பாருங்க.”

போச்சு. க்ளிக்! இறங்கிடுச்சுன்னு அமலி சந்தோஷப்பட்டா. ஒடனே கடகடகடன்னு ஒரு சத்தம். செயின் சின்னதையும் தாண்டி உள்ள விழுந்து ஃப்ரேம்ல சிக்கிக்கிச்சு. அப்புறம் ஒண்ணும் கேக்கல. காத்து கூட அடிக்கல. அப்புறம் ஷூ சத்தம். டக்... டக்... டக்... சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடந்து வருது.

இந்தத் தடவை கொரல் அவ காதுகிட்டயே கேட்டுச்சு.

“இப்படித்தான் அன்னிக்கும் விழுந்துச்சு.”

அமலிக்கு ஸ்க்ரூ டிரைவர் கையிலேர்ந்து நழுவிடுச்சு. எங்க விழுந்துச்சு, என்ன ஆச்சுன்னு அவ கேக்கல. பல்லைக் கடிச்சுக்கிட்டு, “இருங்கண்ணா. பாதி வேலைதான் ஆயிருக்கு. போயிடாதீங்க”ன்னா.

அண்ணான்னு சொன்னதும் அந்த மூச்சு கொஞ்சம் அடங்குச்சு.

“ம்...”

தூக்கம் வருதா? கொஞ்சம்தான் பாக்கி. கேளு. அப்போ அவ கண்ணை மூடிக்கிட்டு விரலால கூண்டையே தடவினா. அப்பதான் புரிஞ்சுது. கூண்டே கோணலா உக்காந்திருக்கு! பின்முனை வெளிய திரும்பி, பல்லுக்கு ரொம்ப மேல தூக்கிக்கிட்டு நிக்குது. அடித்தளமே கோணலா இருந்தா ஸ்க்ரூவைத் திருப்பி என்ன பிரயோஜனம்? புடிச்சிருக்கற போல்ட்டைத் தளர்த்தினா. பெரிய சக்கரத்துப் பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு காசு கனம் மட்டும் எடம் விட்டா. தகடும் சக்கரமும் ஒரே நேரா வர்ற மாதிரி திருப்பி வெச்சு முறுக்கினா. உள்பக்கத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் திரும்ப இறுக்கினா, செயின் தாண்டி விழாம இருக்க. கேபிளை இழுத்துக் கட்டினா. விரலெல்லாம் மரத்துப் போச்சு.

“அண்ணா, ஒண்ணு சொல்றேன். மேடு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுங்க. மாத்தறப்போ காலை லேசா வையுங்க. அழுத்தாதீங்க.”

சைக்கிள் கெளம்புச்சு. சர்ர்ர்... சர்ர்ர்... பாறைகிட்ட வந்ததும் மிதி லேசாச்சு.

க்ளிக்.

அவ்வளவுதான். ஒரசல் இல்ல, கடகட இல்ல. செயின் ஓடற மெல்லிசு சத்தம் மட்டும், தையல் மிஷின் தூரத்துல ஓடற மாதிரி. பாறையைத் தாண்டுச்சு. அடுத்த வளைவுல கேட்டுச்சு. அதுக்கும் மேல கேட்டுச்சு. அப்புறம் கேக்கல.

அமலி அப்படியே ஒக்காந்து கொஞ்ச நேரம் அழுதா. பயத்துலயா என்னன்னு அவளுக்கே தெரியல. அப்புறம் தன் செயினை மாட்டினா, இந்தத் தடவை ஒடனே மாட்டிக்கிச்சு. கீழ போயிடலாம்னு சைக்கிளைத் திருப்பினா. திருப்பிட்டு நின்னா. அந்த அண்ணன் உச்சிக்குப் போய்ச் சேந்தாரா இல்லையான்னு தெரியாம வீட்டுல போய் எப்படிப் படுக்கறது? மறுபடியும் மேல திருப்பி மிதிச்சா.

உச்சியில பனிக்கு மேல வந்துட்டா. வெயில் அடிக்குது. அங்க ஒரு டீக்கடை. பொன்னையன்னு ஒருத்தர் புதுசாப் போட்டிருந்தாரு, வேற ஊர்க்காரரு, இந்தக் கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. அமலி சைக்கிளை நிறுத்தறதுக்குள்ள ஒரு கிளாஸ் டீயை எடுத்து நீட்டினாரு.

“நான் இன்னும் கேக்கவே இல்லியே?”ன்னா அமலி.

“உங்களுக்கு முன்னாடி வந்த தம்பி சொல்லிட்டுப் போச்சும்மா. பின்னாடி ஒரு தங்கச்சி வருது, அதுக்கு ஒரு டீ போட்டு வையுங்கன்னுச்சு. மழையே இல்ல, அந்தப் புள்ள சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. இந்த பெஞ்சுல உக்காந்து நல்லா சூடா ஒரு டீ குடிச்சுச்சு. ரொம்ப நாளாச்சு இந்த எடத்துக்கு வரணும்னு நெனைச்சுன்னு சிரிச்சுச்சு.”

பெஞ்சைப் பாத்தா. பலகை ஈரமா இருக்கு.

“எந்தப் பக்கம் போனாரு?”

பொன்னையன் கையைக் காட்டினாரு. “இந்தப் பக்கமா சைக்கிளை மிதிச்சுக்கிட்டு போச்சு. நான் அடுப்பைப் பாக்கத் திரும்பினேன், அதுக்குள்ள காணோம்.”

அந்தப் பக்கம் ரோடு கெடையாது. ஒரு கைப்புடிச் சுவரு, அதுக்கு அந்தாண்ட மலை முடிஞ்சுடும். கீழ பூரா வெள்ளையா மேகம், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். அமலி சுவத்து கிட்ட போய் நின்னு ரொம்ப நேரம் காது குடுத்துக் கேட்டா. அப்புறம் டீயை முழுசாக் குடிச்சுட்டு இறங்கினா.

“அத்தை... அவரு கீழ விழுந்துட்டாரா?”

விழற சத்தம் கேக்கலியே கண்ணு. அமலிக்குக் கேட்டது, மேகத்து மேல ரொம்ப தூரத்துல ஒரே ஒரு சத்தம்தான்.

“என்ன சத்தம்?”

க்ளிக். பெரிய சக்கரத்துக்கு மாத்தற சத்தம். மேடு முடிஞ்சு சமமான ரோடு வந்துட்டா அப்படித்தான் மாத்துவாங்க.

“...”

ம் வரல. சரி, ம் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. திரும்பிப் படுத்துக்க, கண்ணு.