ஈரலில் ஒட்டாத பசை

ஏழு வருஷமாக ஒரு பசை ஒட்டவில்லை. செம்மலரின் பிரச்சினை அவ்வளவுதான்.

அலை எவ்வளவு அடித்தாலும் பாறையை விடாத சிப்பி இருக்கிறதே, அதைப் பார்த்துச் செய்த பசை. வெட்டுப்பட்ட இடத்தில் தடவினால் ரத்தம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. தினமும் கறிக்கடையில் ஆட்டு ஈரலும் ரத்தமும் வாங்கி வருவாள். ஈரலைக் கீறி, பம்பு வைத்து உள்ளே ரத்தத்தை ஓடவிட்டு, கீறலில் பசையைத் தடவுவாள். பசை ரத்தத்தோடு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கறிக்கடை பாய்கூடக் கேட்டுவிட்டார். "ஏம்மா, ஏழு வருஷமா ஈரல் வாங்குற. இன்னுமா சமைக்கத் தெரியல?"

அன்றைக்குக் காலையில் அவள் ஒரு படிவத்தோடு தன் ஆராய்ச்சி வழிகாட்டி குரூஸ் சார் முன்னால் நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டால் ஆராய்ச்சி முடிந்தது. பசை ஆஸ்பத்திரிக்குப் போகும். இவள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

"ஒட்டிடுச்சா?"

"ஒட்டிடுச்சு சார்."

"எப்படி?"

"பம்பை நிறுத்திட்டேன். ஈரலைத் துணியால துடைச்சேன். பசை காஞ்சதும் பம்பை ஓடவிட்டேன். ஒரு சொட்டு வரல."

"பம்பை நிறுத்தினது இந்தப் படிவத்துல இல்லையே."

"யாரும் எழுதறதில்ல சார். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். ஏழு வருஷம் அவருக்கும் ஏழு வருஷம்தான்.

"தப்பா சார்?"

"நம்ம லேப்ல கைகழுவுற குழாய் ஒரு வாரமா பீய்ச்சுது. முதல்ல அதை அடைச்சுட்டு வா."

"ப்ளம்பர் வேலையும் நான்தானா?"

"ஒட்டுற வேலை உனக்குத்தானே தெரியும்."

முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாடி ஏறினாள். மொட்டைமாடித் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த வால்வை மூடினாள். இறங்கி வந்து குழாய் விரிசலைத் துடைத்தாள். கடையில் விற்கிற குழாய்ப் பசையை அப்பினாள். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஏறி வால்வைத் திறந்தாள். இறங்கி வந்தபோது முட்டி வலித்தது.

"ஒரு சொட்டு வரல சார். வந்து பாருங்க."

சார் வந்தார். குனிந்து, ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் ஈரம் இல்லை.

"நல்லா அடைச்சிருக்க."

"அப்ப கையெழுத்து?"

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, படிவத்தோடு சேர்த்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"வயித்துல குத்துப்பட்டு வர்றவனுக்கு வால்வு எந்த மாடியில இருக்குன்னு மட்டும் இதுல எழுதிடும்மா. நான் போட்டுடறேன்."