வரிராயருக்காக நிற்காத ரயில்

மூங்கில்காட்டு மிருகங்களுக்குச் சொந்தமாக ஒரு ரயில் இருந்தது. காட்டிலிருந்து கிளம்பி, காட்டாற்றுப் பாலத்தைக் கடந்து, வெள்ளேரிக் கரை வரை போய்வரும் பயணிகள் ரயில். அதை ஓட்டியவன் தும்பன் என்ற யானை. கார்டு வேலை பார்த்தவள் சுள்ளி என்ற சருகுமான்.

சருகுமான் என்றால் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இலை அசைந்தாலே புதருக்குள் பாய்ந்து ஒளிந்துகொள்ளும் இனம். சுள்ளிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அவள் நிமிர்ந்து நிற்பாள்.

ரயில் வருவதற்கு முன்னால், கோடையில் குட்டைகள் வற்றினால் எல்லாரும் ஏரிக்கு நடந்தே போக வேண்டியிருந்தது. காலில் வலு இருந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். வயதானவர்களும் குட்டிகளும் பாதி வழியில் உட்கார்ந்தார்கள். சிலர் எழுந்திருக்கவே இல்லை. ரயில் வந்த பிறகு நத்தைகூட ஏரித் தண்ணீரைக் குடித்தது.

வண்டிக்குள் ஒரே ஒரு சட்டம்தான். யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. புலிக்குப் பக்கத்தில் மான் உட்கார்ந்து போகும். இறங்கிவிட்டால் அவரவர் பாடு.

இப்படிப்பட்ட ரயிலுக்கு விழா எடுக்காமல் இருக்கலாமா? காடே கூடிப் பேசி, ஒரு வாரம் ரயில் திருவிழா கொண்டாடியது. பெட்டிகளுக்கெல்லாம் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். அதுவரை ரயிலே ஏறாத உடும்பு, ஜன்னலை விட்டு நகராமல் வாரம் முழுக்கப் போய்ப் போய் வந்தது.

கடைசி நாள் ஏரிக்கரையில் நிறைவு விழா. தலைமை விருந்தினர் வரிராயர் என்ற புலி. ஏற்பாடெல்லாம் நெளியன் என்ற நரி. விழா முடிந்ததும் எல்லாரும் மாலை ரயிலில் வீடு திரும்ப வேண்டும்.

வரிராயர் பேச ஆரம்பித்தார். ஆமைத் தம்பதி உடனே எழுந்து ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்கள். தங்கள் நடை அவர்களுக்குத் தெரியும். ஓரிருவர் ஓசைப்படாமல் நழுவினார்கள். மற்றவர்கள் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நீண்டுகொண்டே போனது.

ஸ்டேஷனில் சுள்ளி பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் பெட்டிக்கு வெளியே ஆமைத் தம்பதியும், குட்டிகளோடு ஒரு குரங்கும், புள்ளியம்மா என்ற கவுதாரியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏன் இறங்கிவிட்டீர்கள்?" என்று கேட்டாள்.

"இறக்கிவிட்டார்கள் அம்மா" என்றார் ஆமை. "இந்தப் பெட்டி ராயருக்கு மட்டுமாம். ஏறவே எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா?"

பெட்டிக்குள் நெளியன் பூமாலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"நெளியா, முதலில் வந்தவர்களுக்கு இடம். அதுதானே வழக்கம்?"

"ஒருநாள் வழக்கத்தை மாற்றினால் குடி முழுகிப்போகாது" என்றான் நெளியன். "ராயர் பேச்சை முடித்து, பந்தியில் சாப்பிட்டு, அப்புறம் வருவார். அதுவரை வண்டி நிற்கும்."

புள்ளியம்மா கவுதாரி சுள்ளியின் காலடிக்கு வந்தாள். "தாயே, ஆறு முட்டைகளைப் பக்கத்துப் புதர்க் காடையிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். காடைக்குச் சின்ன உடம்பு. எல்லாவற்றையும் மூடி உட்கார அவளால் முடியாது. என்னால் அவ்வளவு தூரம் பறக்கவும் முடியாது. முட்டைகள் குளிர்ந்துவிட்டால் அவ்வளவுதான்."

சுள்ளி பதில் சொல்வதற்குள், பாலத்துக்குக் காவல் இருக்கும் நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது. இப்போதே கிளம்பினால் பாலத்தைத் தாண்டிவிடலாம். தாமதித்தால் முடியாது."

சுள்ளி நெளியனைப் பார்த்தாள். "கேட்டாயா?"

"நீர்நாய்க்கு எப்போதும் தண்ணீர் நினைப்புதான்" என்றான் அவன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சுள்ளி, உன் நல்லதுக்குச் சொல்கிறேன். வண்டிக்குள்தான் சட்டம். ராயரை விட்டுவிட்டுப் போனால், நாளைக்கு நீ எந்தப் புதரில் தூங்குவாய்?"

ஆனாலும் சுள்ளி செய்த முதல் காரியம், ஆமைத் தம்பதியைத் தன் முதுகால் முட்டுக்கொடுத்து மறுபடி பெட்டியில் ஏற்றியதுதான். குரங்கும் கவுதாரியும் பின்னாலேயே ஏறினார்கள். அப்புறம் நேராக மேடைக்கு ஓடினாள். நெளியன் குடையையும் பெரிய மாலையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

மேடையில் வரிராயர் முழங்கிக்கொண்டிருந்தார். "இந்த ரயிலில் பெரியவர் இல்லை, சின்னவர் இல்லை. எறும்புக்கும் ஓர் இடம், எனக்கும் ஓர் இடம்."

கூட்டம் கை தட்டியது. சுள்ளி படியேறப் போனாள். நெளியன் வாலைக் குறுக்கே நீட்டித் தடுத்தான்.

"பேச்சின் நடுவில் போகக் கூடாது. அவர் இன்னும் தன் தாத்தா காலத்துக்கே வரவில்லை."

"ராயரே" என்று சுள்ளி கீழே நின்றபடியே கூப்பிட்டாள். "ஆற்றில் வெள்ளம் வருகிறது. வண்டி கிளம்பியாக வேண்டும்."

அவள் குரல் ஒலிபெருக்கிச் சத்தத்தில் அமுங்கிப்போனது. வரிராயருக்குக் கேட்கவில்லை. மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தது. இனி யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவளுக்குப் புரிந்தது. விசிலை வாயில் வைத்து, மூச்சு உள்ளவரை ஊதினாள்.

கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. சுள்ளி மறுபடியும் ஊதினாள். "வெள்ளம் வருகிறது. மூங்கில்காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏறுங்கள்."

முதலில் ஒரு முயல் எழுந்தது. அப்புறம் ஒரு மான் குடும்பம். அடுத்த நொடியில் அணை உடைந்தாற்போல மொத்தக் கூட்டமும் ஸ்டேஷனை நோக்கிப் பாய்ந்தது. ராயரின் வாய் திறந்தபடியே இருந்தது.

எல்லாரும் ஏறிவிட்டதைப் பார்த்துவிட்டு, சுள்ளி கொடியை எடுத்தாள்.

தும்பன் எஞ்சினிலிருந்து எட்டிப் பார்த்தான். "ராயர் ஏறவில்லையே, சுள்ளி?"

"சொல்லியாகிவிட்டது. கூப்பிட்டாகிவிட்டது. வண்டியை எடுங்கள் அண்ணா."

அவள் பச்சைக் கொடியை ஆட்டினாள். வண்டி நகர்ந்தது.

அப்போதுதான் வரிராயருக்கு விஷயம் புரிந்தது. மேடையிலிருந்து ஒரே தாவாகத் தாவினார். தண்டவாளத்தின் ஓரமாக ஓடிவந்து, கடைசிப் பெட்டியில் பாய்ந்து ஏறினார். குடையும் மாலையுமாக ஓடிய நெளியன் கால் தடுக்கி விழுந்து கரையிலேயே நின்றுபோனான்.

கடைசிப் பெட்டி கார்டின் பெட்டி. அதில் சுள்ளியும் வரிராயரும் மட்டும் இருந்தார்கள்.

புலியின் மூச்சு அவள் முதுகில் பட்டது. அவள் திரும்பவில்லை.

"என்னை விட்டுவிட்டு வண்டியை எடுத்தாய்" என்றார் வரிராயர்.

"ஆமாம், ராயரே."

"நான் யார் என்று தெரியுமல்லவா?"

"தெரியும். வண்டிக்குள் முந்நூறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் யார் என்றும் தெரியும். நீங்கள் கரையில் நின்றிருந்தால் வெள்ளம் உங்களை ஒன்றும் செய்யாது. பாலத்தின் நடுவில் வண்டி மாட்டிக்கொண்டால் இவர்கள் ஒருவரும் பிழைக்க மாட்டார்கள்."

வரிராயர் ஆற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

பாலம் வந்தது. தும்பன் வண்டியை மெதுவாக ஏற்றினான். கீழே வேரோடு பிடுங்கிய மரங்கள் புரண்டு வந்தன. செம்மண் தண்ணீர் தண்டவாளத்துக்கு ஒரு முழம் கீழே நுரைத்தது. முன் பெட்டிகளில் குட்டிகள் அழும் சத்தம் கேட்டது. சுள்ளி படியில் தொங்கியபடி, ஒவ்வொரு பெட்டியாகப் பாலத்தைத் தாண்டுவதைப் பார்த்துக் கொடி காட்டிக்கொண்டே வந்தாள். சாரலில் அவள் கால் வழுக்கியது. விழப்போனவளின் கழுத்துத் தோலை வரிராயர் பற்களால் கவ்வி, ஒரு கீறல் படாமல் அவளை உள்ளே இழுத்து வைத்தார்.

கடைசிப் பெட்டி கரையேறிச் சிறிது தூரம் போயிருக்கும். திரும்பிப் பார்த்தார்கள். பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வரிராயர் வெகுநேரம் அதையே பார்த்தார். "என் பேச்சு முடிய இன்னும் பாதி இருந்தது" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

மூங்கில்காட்டு ஸ்டேஷனில் வண்டி நின்றது. புள்ளியம்மா எல்லாருக்கும் முன்னால் இறங்கிப் புதரைப் பார்த்து ஓடினாள். கொஞ்ச நேரத்தில், முட்டைகள் கதகதப்பாக இருக்கின்றன என்று காடை கத்திச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

பயணிகள் இறங்கினார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வரிராயர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். சுள்ளி இன்னும் பெட்டிக்குள் இருந்தாள். இறங்கிவிட்டால் சட்டம் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

சுள்ளி கொடியைச் சுருட்டி வைத்தாள். கதவைச் சாத்தினாள். பிறகு இறங்கி, வரிராயரின் எதிரே வந்து நின்றாள்.

வரிராயர் தலையைக் குனிந்து அவளைப் பார்த்தார்.

"தண்ணீர் வடிந்த பிறகு, முதல் வண்டி எப்போது கிளம்பும்?"

"காலையில், ராயரே. வெயில் ஏறுவதற்கு முன்னால்."

"சரி. நேரத்துக்கு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் மூங்கில்களுக்கு நடுவே நடந்து மறைந்தார். கூட்டம் இரண்டாகப் பிளந்து அவருக்கு வழிவிட்டது. பிறகு எல்லாரும் சுள்ளியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

சுள்ளியின் நான்கு கால்களும் வெடவெடவென்று நடுங்கின. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தும்பன் தும்பிக்கையால் அவள் முதுகைத் தடவினான்.

"பயமாக இருந்ததா, சுள்ளி?"

"இப்போதுதான் வருகிறது, அண்ணா" என்றாள் அவள்.

பொறுப்பை ஏற்றவர்கள், தங்களை மிரட்டக்கூடியவர் யார் என்று பார்க்காமல், தங்களை நம்பி வந்தவர்கள் யார் என்று பார்த்தே நடக்க வேண்டும்.