பெட்டிக்குள் பத்திரமாக இருந்த கேபிள்

ஆசிரமத்து மருத்துவ வேனில் யோகாம்பாள் அம்மை ஊர் ஊராகப் போவார். உள்ளே ஏசி, படுக்கை, மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ். போகும் இடத்தில் வண்டிக்குக் கரண்ட் இழுப்பது சீடர் சங்கரபாண்டியின் வேலை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். கேபிள் முப்பது மீட்டர், கட்டைவிரல் பருமன். தூக்கினால் தோள் இறங்கிவிடும்.

அன்று வண்டி ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றது.

"அம்மா, என் மகள் செல்விக்கு அஸ்ஸாம்ல நர்ஸ் வேலையாம். இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். 'அப்பா, போயிட்டு வரட்டுமா'ன்னு கேக்கிறா" என்றார் சங்கரபாண்டி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'பத்திரமா இரும்மா'ன்னேன்."

"அது போகச் சொன்னதா, வேண்டாம்னு சொன்னதா?"

"எனக்கே தெரியலை. நேத்திலிருந்து சோறு இறங்கலை. நீங்களே சொல்லுங்க."

"முதல்ல கரண்ட் இழுங்க."

பள்ளிக்கூடத்துப் பிளக் பாயின்ட் பக்கத்திலேயே இருந்தது. ஐந்து மீட்டரை மட்டும் வெளியே விட்டார். மிச்சத்தை இறுக்கிச் சுற்றிக் கயிறு போட்டு, வண்டிக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"பிள்ளைங்க மிதிக்கும், ஆடு கடிக்கும்மா. உள்ளேயே இருக்கட்டும்."

அம்மை வண்டிக்குள் ஏறி ஏசியைப் போட்டார்.

அரைமணி நேரத்தில் ரப்பர் சூடேறும் வாசனை வந்தது. சங்கரபாண்டி ஓடிப்போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியைத் திறந்து சுருளில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, கொதிக்குதே! ஃப்ரிட்ஜ்ல மருந்தெல்லாம் இருக்கே அம்மா!"

"யாராவது மிதிச்சாங்களா?"

"இல்லை."

"ஆடு?"

"பெட்டிக்குள்ளதானே இருந்தது!"

"உள்ளே இருக்கிற கேபிள்லயும் கரண்ட் ஓடுதே. சுத்தி அடைச்சா சூடு போக வழி ஏது? வாங்க, பிடிங்க."

இருவரும் கேபிளை முழுசாக விரித்தார்கள். ஆறியதும் அம்மை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். பழுதில்லை. ஆள் நடக்கும் இடத்தில் ரப்பர் பாய் ஒன்றைப் போட்டு மூடினார். கரண்ட் வந்தது. சங்கரபாண்டி கேபிள் ஓரமாகவே நின்று, வருகிற எல்லோரையும் "பார்த்து, பார்த்து" என்றார்.

"என்ன கண்டக்டரே, தாண்டுறதுக்கும் டிக்கெட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள், முன்பு அவர் பஸ்ஸில் போய்வந்த ஒருத்தி.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். சட்டைப்பையில் போன் அடித்தது.

"செல்விதான், அம்மா." போனைக் கையில் எடுத்தவர் பொத்தானை அழுத்தவில்லை.

அம்மை அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக் கேபிளின் மேல் வைத்தார்.

"சுடுதா?"

"இல்லை."

"சாயங்காலம் இதை என்ன செய்வோம்?"

"சுத்தி உள்ளே எடுத்து வைப்போம்."

"அவ கேட்டதிலேயே 'வரட்டுமா'ன்னு இருக்கே, பாண்டி. போனை எடுங்க."