உவர்ப்பள்ளத்தில் ஒரு செல்லப்பிள்ளை

காட்டின் நடுவே இருந்த உவர்ப்பள்ளத்துக்குள் முதன்முதலாக ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தது கரடி மாரக்காதான்.

உவர்ப்பள்ளம் என்றால் உப்பு மண் உள்ள பள்ளம். புல்லும் இலையும் தின்கிற பிராணிகளுக்கு உப்பு இல்லாமல் ஆகாது. குட்டி போட்டவற்றுக்கு உப்பு கிடைக்காவிட்டால் பால் சுரக்காது. அதனால் யானை முதல் சருகுமான் வரை எல்லாரும் சாயங்காலமானால் அங்கே வருவார்கள். மண்ணை நக்குவார்கள், ஊர்வம்பு பேசுவார்கள், இருட்டுவதற்குள் கலைந்து போவார்கள். சந்தைக்கடை மாதிரி கலகலவென்று இருக்கும்.

பள்ளத்தைச் சுற்றி வரிசையாகக் கற்கள் கிடந்தன. அதற்குக் கல்வரம்பு என்று பேர். இறைச்சி தின்கிறவர்கள் கல்வரம்பைத் தாண்டக் கூடாது. இது அந்தக் காட்டு வழக்கம். புலிகூட அதை மீறியதில்லை. தாகமெடுத்தால் ஓடைக்குப் போகும், பள்ளத்துப் பக்கம் திரும்பாது.

புலி மதித்த வழக்கத்தைத்தான் மாரக்கா ஒரே நாளில் தாண்டினாள்.

போன மழைக்காலத்தில் கூட்டத்தைத் தவறவிட்ட ஒரு செந்நாய்க் குட்டி அவள் குகை வாசலில் வந்து விழுந்தது. பாவம், குளிரில் விறைத்துக் கிடந்தது. மாரக்கா எடுத்து வளர்த்தாள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல காரியம்தான். செவலை என்று பேர் வைத்தாள். தேனும் கறையானும் பலாச்சுளையும் கொடுத்தாள். கரடிகள் தங்கள் குட்டிகளைச் சுமப்பதுபோல முதுகில் ஏற்றிக்கொண்டு திரிந்தாள். அப்படியே ஒருநாள் முதுகில் செவலையோடு கல்வரம்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"ஐயோ! செந்நாய்!" என்று அலறியது சருகுமான்.

"நாய்னு சொல்லாதீங்க!" என்று சீறினாள் மாரக்கா. "அவனுக்குப் பேர் இருக்கு. செவலை! எங்கே, சொல்லுங்க பார்ப்போம்?"

சருகுமான் அதற்குள் புதரைத் தாண்டிப் போயிருந்தது.

அங்கே பூவாத்தா என்கிற புள்ளிமான் நின்றிருந்தாள். அவள் காலடியில் ஒரு குட்டி. பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்குப் பால் போதவில்லை. அன்றைக்கு உப்பு மண்ணில் அவள் நாக்கை வைத்த நேரம், செவலையின் வாடை மூக்கில் ஏறியது. குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கினாள்.

"ஏன் பூவாத்தா ஓடுறே? என் பிள்ளை ஒண்ணும் செய்ய மாட்டான்! சுத்த சைவம்!" என்றாள் மாரக்கா.

"இருக்கட்டும் அக்கா. நீங்க போனப்புறம் வர்றேன்."

ஆனால் மாரக்கா போனால்தானே! இருட்டும் வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். செவலை முதுகிலிருந்து இறங்கி ஓடி விளையாடினான். உப்பு நன்றாகப் பூத்திருந்த இடமாகப் பார்த்துக் காலைத் தூக்கி நனைத்தும் வைத்தான்.

"அடடா, குழந்தைதானே!" என்று சிரித்தாள் மாரக்கா. பக்கத்தில் நின்றவர்களும் பல்லைக் காட்டினார்கள். அவள் தேனடை பிய்க்கும்போது கீழே சிந்துவதை நக்கிப் பழகியவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

பூவாத்தா பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு மடியை விட்டுவிட்டு அழுதது. அவள் நேராக யானை பெரியண்ணனிடம் போனாள். பள்ளத்துக்கு அவர்தான் தலைவர்.

"பெரியண்ணா, அந்தக் குட்டி மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. கல்வரம்புக்கு வெளியே அது எங்க வேணா விளையாடட்டும். உள்ளே மட்டும் வேண்டாம்னு மாரக்காகிட்ட சொல்லுங்க."

பெரியண்ணன் பஞ்சாயத்தைக் கூட்டினார். மான்கள் தூரத்தில் நின்றன. ஏனென்றால் மாரக்கா பஞ்சாயத்துக்கும் செவலையைக் கூட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"இவன் யாரையாவது கடிச்சானா? கடிபட்டவங்க முன்னாடி வாங்க!" என்று சவால் விட்டாள். யாரும் வரவில்லை.

"என்னை ஒரு நாய் கடிச்சுப் பார்க்கட்டுமே!" என்று முட்களைச் சிலிர்த்துக்கொண்டது முள்ளம்பன்றி. "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லை!"

"எல்லாம் நாம பழகுற விதத்துலதான் இருக்கு," என்றது கருங்குரங்கு. "அன்பா இருந்தா எந்த ஜீவனும் நம்மளை ஒண்ணும் செய்யாது. பயம்கிறது நம்ம மனசுல இருக்கற அழுக்கு!" இவ்வளவையும் அது மரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது. கீழே இறங்கி வந்து சொல்லவில்லை.

பூவாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "பெரியண்ணா, தேனீக்கூடு தொங்குற மரத்தடியில நீங்க நிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"அது எப்படி நிக்கறது? கொட்டுமே!"

"இது கொட்டாத தேனீன்னு மாரக்கா சொன்னா?"

பெரியண்ணன் காதுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டார். "அது வேற விஷயம். பேச்சை மாத்தாதே," என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "இது பொது இடம். எல்லாரும் வரலாம். செவலையும் வரலாம், மான்களும் வரலாம். யாரும் யாரையும் தடுக்கலை. பயப்படறவங்க பயத்தை விட்டுட்டு வரணும்!"

ஆஹா, என்ன நியாயம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். யானைக்கு நாயைக் கண்டு பயமில்லை. முள்ளம்பன்றிக்குப் பயமில்லை. குரங்குக்கு மரம் இருக்கிறது. பயப்படுகிறவர்கள் தூரத்தில் நின்றதால் அவர்கள் பேச்சு யார் காதிலும் விழவில்லை.

அன்று வீடு திரும்பும்போது செவலை ஒரு விஷயம் சொன்னான்.

"அம்மா, எனக்கு உப்பே பிடிக்காது. என்னை எதுக்கு அங்க கூட்டிட்டுப் போறே?"

"உன்னைக் குகையில தனியா விட்டுட்டு வர மனசு வரலடா கண்ணு!"

"அந்த மான்குட்டி ஓடுறதைப் பார்த்தா என் கால் தானா துடிக்குதும்மா. பின்னாலேயே போகணும்னு தோணுது. எனக்கே பயமா இருக்கு."

மாரக்கா சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். "இதை வெளியில சொல்லாதே! நீ நல்ல பிள்ளை!"

நாய்க்குட்டி உண்மையைச் சொன்னது. வளர்த்தவள்தான் கேட்கவில்லை.

சில நாள் கழித்துப் பூவாத்தா துணிந்துவிட்டாள். பால் வற்றிக்கொண்டே வந்தது. பயத்தைப் பார்த்தால் பிள்ளை பிழைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு கல்வரம்பைத் தாண்டினாள். குட்டி அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"பாருங்க! வந்துட்டா! நான் அப்பவே சொன்னேனே!" என்று கைகொட்டியது குரங்கு.

பூவாத்தா மண்ணை ஒரு வாய் நக்கினாள். செவலை வாலை ஆட்டிக்கொண்டு வந்து குட்டியை மோந்து பார்த்தான். விளையாடத்தான் வந்தான். அது மான்குட்டிக்கு எப்படித் தெரியும்? எடுத்தது ஓட்டம். அவ்வளவுதான், செவலையின் கால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அவனும் பாய்ந்தான்.

"பாரு, பாரு! ரெண்டு பிள்ளைகளும் எப்படி விளையாடுதுங்க! கண்ணு பட்டுடப் போகுது!" என்று உருகினார் பெரியண்ணன்.

மான்குட்டி கல்வரம்பில் கால் சிக்கிக் குப்புற விழுந்தது. செவலை அப்படியே நின்றுவிட்டான். தொடக்கூட இல்லை. ஆனால் குட்டியின் முன்னங்கால் பிசகிவிட்டது.

"ஓடாதேன்னு சொன்னேனா இல்லையா?" என்று பூவாத்தாவைத்தான் அதட்டினாள் மாரக்கா. "ஓடினா துரத்தத்தான் செய்வான். நின்னிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. பிள்ளையை ஒழுங்கா வளர்க்கத் தெரியணும்!"

பூவாத்தா நொண்டும் குட்டியைத் தேற்றிக் கூட்டிக்கொண்டு நடந்தாள். இனி அந்தப் பள்ளத்துக்கு வருவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மலைச்சரிவுக்கு அப்பால் இன்னொரு உவர்ப்பள்ளம் இருந்தது. நெடுந்தூரம். அங்கே கல்வரம்பு கிடையாது, வழக்கம் என்று ஒன்றும் கிடையாது. அதனால் அங்கே யாரும் போவதில்லை. ஆனால் பால் வேண்டுமே! குட்டியை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. விடியற்காலையில் இருவரும் கிளம்பினார்கள். குட்டி நாலடி நடக்கும், நிற்கும். மறுபடி நாலடி நடக்கும். உச்சிவெயிலில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பூவாத்தா ஆசை தீர உப்பு மண்ணை நக்கினாள். எத்தனை நாள் கழித்து! மடி கனக்கும், இன்று பிள்ளை வயிறு நிறையக் குடிக்கும் என்று நினைத்தாள். அப்போது பாறை மேலிருந்து சிறுத்தை குதித்தது.

பூவாத்தா ஓடினாள். "ஓடு! ஓடு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். திரும்பிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. நொண்டிக்கால் எவ்வளவு தூரம் ஓடும்?

செய்தி உவர்ப்பள்ளத்துக்கு வந்தது. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

"சிறுத்தை கொன்னதுக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்றார் பெரியண்ணன்.

"இங்கேயே வந்திருக்கலாம். யாராவது வேண்டாம்னு சொன்னோமா?" என்றது முள்ளம்பன்றி.

"நல்லவேளை, என் செவலை பேர் இதுல அடிபடல!" என்று பெருமூச்சு விட்டாள் மாரக்கா.

பூவாத்தா சில நாள் எங்கும் போகவில்லை. பிறகு சாயங்காலமானால் உவர்ப்பள்ளத்துக்கு வந்து கல்வரம்புக்கு வெளியே சும்மா நின்றாள். உள்ளே வரவில்லை. யாரையும் ஏசவில்லை. மடியில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. குடிக்கத்தான் ஆளில்லை.

செவலை அவளைப் பார்த்தான். தயங்கித் தயங்கிக் கல்வரம்பு வரை வந்தான்.

"அத்தை, நான் அவனை ஒண்ணும் செய்யலையே!"

"நீ ஒண்ணும் செய்யலப்பா," என்றாள் பூவாத்தா. "நீ அங்கே இருந்தே. அவ்வளவுதான்."

செவலை குனிந்த தலை நிமிராமல் திரும்பிப் போனான். மறுநாள் மாரக்கா முதுகைக் காட்டிக் குனிந்தபோது அவன் ஏறவில்லை.

"நான் வரலம்மா. நான் அங்க வந்தா மத்தவங்க வர முடியல. வெளியிலயே இருக்கேன்."

மாரக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்கே இல்லாத வெட்கம் தன் நாய்க்கு எங்கிருந்து வந்தது? விசாரித்தாள். விஷயம் தெரிந்தது. நேரே பெரியண்ணனிடம் போய் ஒப்பாரி வைத்தாள்.

"என் பிள்ளை ரெண்டு நாளா சாப்பிடல அண்ணா! அந்தப் பூவாத்தா என்னவோ சொல்லி அவன் மனசை உடைச்சுட்டா! வெளியில நின்னு முறைச்சு முறைச்சுப் பார்க்கறா! வாயில்லாத குழந்தை, பாவம், என்ன செய்யும்?"

"பச்சைப்பிள்ளையைப் போய் யாராவது இப்படிப் பேசுவாங்களா?" என்று கண்ணைக் கசக்கியது குரங்கு.

மறுபடி பஞ்சாயத்துக் கூடியது. செவலை ஓரமாக நின்று, "அத்தை மேல தப்பில்லை!" என்று கத்தினான். முள்ளம்பன்றி திரும்பிப் பார்த்து, "அடடா, எப்படி அழகாக் குரைக்கறான்!" என்றது.

பெரியண்ணன் தும்பிக்கையை உயர்த்தினார். "செவலையின் மனசு நோகாம பார்த்துக்கறது நம்ம எல்லாருடைய கடமை. அதனால இனிமே பூவாத்தா கல்வரம்புப் பக்கம் வரக் கூடாது!" என்று தீர்ப்புச் சொன்னார்.

முதல்முறையாக அந்தப் பொது இடத்துக்கு ஒருவர் வரக் கூடாது என்று வாய்விட்டே சொன்னார்கள். அந்த ஒருவர் மான்.

பூவாத்தா பால் கட்டிய மடியோடு மெல்லக் காட்டுக்குள் நடந்து மறைந்தாள்.

பயமே இல்லாதவர்கள் கூடி உட்கார்ந்து பயப்படுகிறவர்களுக்கு நியாயம் சொன்னால், பொது இடம் என்பது வலுத்தவர்களின் வீட்டு முற்றமாகிவிடும்.