அழைக்காமல் வந்த யானைகள்

முன்னொரு காலத்தில் ஆயிரம் யானை கட்டியாண்ட ஒரு ராஜாவுக்குத் தன் நாட்டில் வேலை போதவில்லை. ‘எங்கே சண்டைச் சத்தம் கேட்டாலும், யாரும் அழைக்காமலே நம் படை புகுந்து அமைதியை நாட்டும்’ என்று கோட்டை வாசலில் கல்வெட்டு வைத்தார். அதன் பேரில் மூன்று சின்ன நாடுகளுக்குள் படை போனது. அமைதி வந்ததென்னவோ நிஜம். தெருவில் ஆளே இல்லை, சத்தம் எங்கிருந்து வரும்?

நான்காவதாக மாட்டியது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த புன்னைநாடு. ஏரி மதகை யார் திறப்பது என்று அங்கே இரண்டு ஊர்களுக்குள் வாய்த்தகராறு. அரண்மனை விகடன் வேம்பனின் தங்கை நாச்சியா வாழ்க்கைப்பட்ட இடம் அது. வேம்பன் ராஜாவின் செல்லப்பிள்ளை என்பதில் மந்திரி அரிகேசருக்கு வயிற்றெரிச்சல். இம்முறை படையை அவனே நடத்தட்டும், மறுத்தால் துரோகி என்று பற்றவைத்தார். ராஜாவும் தலையாட்டிவிட்டார். தங்கை வீட்டுக் கூரைமேல் தானே யானையை ஏற்றுவதா? வேம்பன் கல்வெட்டின் முன்னால் போய் நின்று எழுத்தெழுத்தாகப் படித்தான். பிறகு சரி என்றான்.

மறுநாள் காலை படை புறப்பட்டது. முதல் தெருகூடத் தாண்டவில்லை, மந்திரி வீட்டுக்குள்ளிருந்து சத்தம். ரசத்தில் உப்பு கூடிவிட்டதென்று அவர் தாயாரும் மனைவியும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேம்பன் கை காட்டினான். நாற்பது யானைகள் மதிலைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போயின. வாழைத்தோட்டம் அவற்றுக்குக் காலை ஆகாரமாயிற்று. அதுவரை எலியும் பூனையுமாக நின்ற மாமியாரும் மருமகளும், அடேயப்பா, ஒன்றாகச் சேர்ந்து அகப்பையோடு படையை விரட்ட வந்தார்கள்.

மந்திரி குடும்பத்தோடு சபைக்கு ஓடிவந்து முறையிட்டார்.

“உன்னை அங்கே யார் அழைத்தது?” என்று ராஜா வேம்பனிடம் சீறினார்.

“யாரும் அழைக்கவில்லை, பிரபு. அழைக்காமலே போகவேண்டும் என்பதுதானே தங்கள் கல்வெட்டு? எந்த நாட்டில் என்று அதில் எழுதவில்லையே.”

மந்திரியின் தாயார் முன்னால் வந்தாள். “எங்க சண்டை சோறு ஆறுறதுக்குள்ள தீர்ந்திருக்கும் ராசா. இப்ப வீட்டுக்குச் சுவரே போச்சு.”

ராஜா குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அந்த மூன்று நாடுகள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். அன்றே கல்தச்சர் வந்து, அழைத்தால் மட்டும் போவோம் என்று கல்வெட்டைத் திருத்தினார். மூன்று நாடுகளுக்குள் போயிருந்த படைகளும் திரும்பின. யானைகள் மட்டும் அங்கங்கே தங்கி, இடித்த சுவர்களுக்குக் கல் சுமந்தன. வேம்பனுக்கு முத்துமாலை கிடைத்தது.

ஆவணியில் புன்னைநாட்டிலிருந்து ஓலை வந்தது. மதகைத் திறக்க ஊருக்கு ஒரு நாள் என்று தாங்களே முறை வைத்துக்கொண்டார்களாம், ஏரித் திருவிழாவுக்கு ராஜா வரவேண்டுமாம். ராஜா அதை இரண்டு தரம் படித்தார்.

“வேம்பா, நம்மை அழைத்திருக்கிறார்கள்!” என்று விழுந்து விழுந்து சிரித்தார். நால்வர் துடுப்புப் போட, படகில் போய் இறங்கினார். நாச்சியா இலை போட்டுப் பரிமாறினாள். ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடுதல்தான். ராஜா வாயே திறக்கவில்லை.